மலைச் சாலையில் மோட்டார் சைக்கிள்

மலையேறுவதில் இன்பம் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், மோட்டார் சைக்கிளில் மலையேறுவது பேரின்பம் என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். “இளங்கன்று பயமறியாது” என்பார்கள். இளைஞர்களோ கண்கள் ஒளிர, “ஆம், வேகம் என்றால் அதுவன்றோ வேகம்!” என்பார்கள். சற்று ஆராய்ந்து பார்த்தால் இருசாராரும் ஒரே கருத்தைத்தான் கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். இந்த இன்பம் வேகத்திலிருந்தும் ஆபத்திலிருந்தும் பிறக்கிறது என்பதே அந்தக் கருத்து. பல ஆண்டுகளாகப் பெரிய மோட்டார் சைக்கிளில் மலைச் சாலைகளில் சென்று வருகிறவன் நான். அந்தக் கருத்து உண்மையன்று என்பது என் அனுபவம். அப்படியானால் அந்த இன்பம் எங்கிருந்து பிறக்கிறது? அதனைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு மலையை வைத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அதன் அடிவாரத்தில் காரவள்ளி என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கிறது. ‘கொண்டை ஊசி’ என்னும் பெயர் எவ்வளவு பொருத்தமானது! சென்ற திசைக்கு நேர் எதிர்த் திசையில் சாலை திரும்பிவிடுகிறது. சற்று முன் நமக்குக் கீழே இருந்த சாலை, இப்போது பக்கத்திலேயே தாழ்வாகத் தெரிகிறது.

மலைச் சாலை ஏன் இப்படி மடிந்து மடிந்து செல்ல வேண்டும்? விடை எளிய கணக்கில் இருக்கிறது. அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வேறுபாடு என்று கொள்வோம். 20 மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும்படி சாலை அமைத்தால்தான் பாரம் ஏற்றிய வண்டிகள் துன்பமின்றி ஏறும். அப்படியானால் 1000 மீட்டர் உயர 20 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை வேண்டும். மலையின் சரிவிலோ அவ்வளவு நீளத்திற்கு நேராகச் செல்ல இடமில்லை. ஆகவே பொறியியலாளர் அந்த நீளத்தை மடித்து வைக்கிறார். நீண்ட வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைப்பது போன்ற செயல்தான் இது. எல்லா நாட்டு மலைகளிலும் இதே முறைதான். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் என்று ஒன்று உண்டு. இன்று அது இத்தாலி நாட்டில் இருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில், 1820 முதல் 1825 வரை, கார்லோ தோனேகானி என்ற பொறியியலாளர் அங்கே சாலை அமைத்தார். அதன் ஒரு பக்கச் சரிவில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அக்காலத்தில் மோட்டார் வண்டி ஏது? குதிரைகள் இழுத்து ஏறுவதற்காக இட்ட வளைவுகளே இன்று உலகெங்கும் உள்ள மோட்டார் சைக்கிள்காரர்களை அங்கே ஈர்க்கின்றன.

எனவே ஒரு வளைவை நாம் காணும்போது, அது பயணத்திற்கு இடையூறாக வந்த ஒன்றென்று எண்ணலாகாது. மலைக்கும் மனிதனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை அது. அந்த உடன்படிக்கையின் விதிகளை அறிந்து நடப்பவனுக்கு மலை வழிவிடுகிறது.

இனி வண்டியைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். நெடுந்தூரப் பயணத்திற்கென்று அமைந்த பெரிய மோட்டார் சைக்கிள் என்னுடையது. 648 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் அதில் இருக்கிறது. எரிபொருளுடன் அதன் எடை 241 கிலோகிராம். மூன்று பெரிய ஆட்களின் எடைக்கு மேல்! இத்தகைய வண்டிகளோடு தமிழ்நாட்டுக்கு நெருங்கிய உறவு உண்டு. இங்கிலாந்து நாட்டுப் புல்லட் வண்டியை இந்தியாவில் உருவாக்குவதற்காக 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அந்த வண்டிகளை நம் இராணுவத்தினர் எல்லைப்புறங்களில் பயன்படுத்தினார்கள். மலைநாடுகளிலும் அவற்றின் ஒலி நன்கு பழகிய ஒலியாயிற்று.

பெரிய எஞ்சினின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. நிதானமான இழுவிசையில் இருக்கிறது. யானை பதறாமல் மரத்தை இழுப்பதுபோல், குறைந்த சுழற்சியிலேயே அது பாரத்தை மேலே இழுத்துச் செல்கிறது. செங்குத்தான வளைவில் நின்று திணறாமல், வலக்கைப் பிடியைச் சிறிதே திருகியதும் அது எழுந்து செல்வதை உணர்வது தனி மகிழ்ச்சி.

இவ்வளவு கனமான வண்டியை இரண்டே சக்கரங்களின்மேல் நிறுத்தி, வளைவில் திருப்புவது எவ்வாறு? இங்கேதான் வியப்புக்குரிய ஓர் உண்மை இருக்கிறது. வண்டியை வலப்புறம் திருப்ப வேண்டும் என்று கொள்ளுங்கள். கைப்பிடியை வலப்புறம் திருப்ப வேண்டும் என்றுதானே சொல்வீர்கள்? வண்டி ஓரளவு வேகமாகச் செல்லும்போது நடப்பது அதுவன்று. ஓட்டுகிறவன் வலக்கைப் பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறான். முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்புகிறது. சக்கரம் இடப்புறம் நகர்ந்துவிடுவதால், மேலே உள்ள பாரம் வலப்புறம் சாய்கிறது. அந்தச் சாய்வே வண்டியை வலப்புறம் திருப்புகிறது. வலப்புறம் செல்ல வேண்டுமானால் முதலில் சிறிது இடப்புறம் திரும்ப வேண்டும்!

இதனை நன்கு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வில்பர் ரைட். ஆம், 1903-இல் தம்பி ஆர்வில்லுடன் சேர்ந்து வானூர்தியைப் பறக்கவிட்ட அதே வில்பர் ரைட்தான். அச்சகோதரர்கள் அமெரிக்காவில் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர்கள். மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் பலரிடம், “நீங்கள் எவ்வாறு திரும்புகிறீர்கள்?” என்று தாம் கேட்டதாகவும், ஒருவர்கூட முதலில் சரியான விடை கூறவில்லை என்றும் வில்பர் தெரிவித்திருக்கிறார். எல்லாருடைய கைகளும் அந்த வித்தையை அறிந்திருந்தன. அவர்களுடைய அறிவு மட்டும் அறியவில்லை. வானூர்தியும் திரும்பும்போது சாய வேண்டும் என்னும் எண்ணம் அச்சகோதரர்களுக்கு எளிதில் தோன்றியதற்கு மிதிவண்டி அனுபவம் துணைநின்றது.

கை அறிந்ததை அறிவும் அறிந்துகொள்ளும் கணம் ஒன்று உண்டு. மலைச் சாலையின் இன்பத்தில் முதற்பகுதி அதுதான். வளைவில் 241 கிலோகிராம் எடை, என் உள்ளங்கையின் சிறிய அழுத்தத்திற்குப் பணிந்து சாய்கிறது. வளைவு முடிந்ததும் தானே நிமிர்கிறது. என் வலிமையால் அது நடக்கவில்லை. இயற்கை விதி நடத்துகிறது. நான் அதற்கு வேண்டிய குறிப்பை மட்டும் கொடுக்கிறேன்.

ஆனால் அந்த விதி எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டு பொருள்கள் முடிவு செய்கின்றன. ஒன்று வேகம், மற்றொன்று வளைவின் ஆரம். கல்லூரியில் பௌதிகம் பயில்வோர் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வண்டி ஏறத்தாழ 17 டிகிரி சாய வேண்டும். இது தொடக்கநிலையில் உள்ளவர்க்கும் எளிது. 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சாய்வு 35 டிகிரி ஆகிவிடும். பெரிய வண்டிகள் பலவற்றில் இந்த அளவிலேயே கால்தாங்கி தரையில் உராயத் தொடங்கும். 40 கிலோமீட்டர் வேகமானால் 51 டிகிரி சாய வேண்டும். அந்தச் சாய்வைச் சாதாரண டயரின் பிடிமானம் தாங்காது. வண்டி சறுக்கி விழும். 20 கிலோமீட்டருக்கும் 40 கிலோமீட்டருக்கும் உள்ள வேறுபாடு சமவெளியில் ஒரு பொருட்டே அன்று. கொண்டை ஊசி வளைவிலோ, இன்பத்திற்கும் மரணத்திற்கும் இடையே உள்ள தொலைவு அதுதான். வேகம் இருமடங்கானால் திரும்புவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகிறது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அந்த வரியின் பொருள் இங்கே உயிர் பெறுகிறது.

டயர் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அந்தச் சிறிய இடத்தின் பிடிமானமே நம்முடைய முதல். வேகத்தைக் கூட்டுவதற்கும், பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும் அந்த ஒரே முதலிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். முழுவதையும் திரும்புவதில் செலவிட்டவனுக்குப் பிரேக் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே தேர்ந்தவர்கள் வளைவிற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கியரையும் அப்போதே மாற்றிவிடுகிறார்கள். வளைவிற்குள் நுழைந்தபின் சீரான விசையுடன் திரும்பி, நேர்வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகே வேகம் கூட்டுகிறார்கள். மணலோ, சிந்திய எண்ணெயோ, மழை நனைத்த சருகோ கிடக்குமானால் முதல் திடீரென்று சுருங்கிவிடும். அதற்கென்று எப்போதும் சிறிது கையிருப்பு வைத்திருப்பதே அறிவுடைமை. குடும்பச் செலவுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று கண். கண் செல்லும் இடத்திற்கே வண்டி செல்லும். ஒருநாள் காலையில் கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தபோது, எனக்குச் சற்று முன்னால் ஓர் இளைஞர் சென்றார். ஒரு வளைவில் எதிரே பேருந்து இறங்கி வந்தது. அவர் செல்வதற்குப் போதிய இடம் இருந்தது. ஓட்டுநரும் பேருந்தை நிறுத்திவிட்டார். ஆயினும் அந்த இளைஞர் நேரே ஓரச் சுவரில் போய் மோதினார். நல்லவேளையாகத் தலைக்கவசம் அணிந்திருந்தார். மணிக்கட்டு எலும்பு மட்டும் முறிந்தது. பேருந்து ஓட்டுநரும் நானும் அவரைத் தூக்கி நிழலில் உட்கார வைத்தோம். “என்னப்பா, இவ்வளவு வழி இருந்ததே!” என்று ஓட்டுநர் கேட்டார். “வழியை நான் பாக்கவே இல்லீங்கண்ணா. சுவத்துல மோதிடக் கூடாதுன்னு சுவத்தையேதான் பாத்துட்டிருந்தேனுங்க” என்றார் அவர்.

அந்த விடையை நான் மறக்கவில்லை. அஞ்சும் பொருளையே நோக்கிக்கொண்டிருப்பவன் அதனிடமே போய்ச் சேருகிறான். வளைவில் செய்ய வேண்டியது, தலையை நன்கு திருப்பி, வளைவின் முடிவில் வழி எங்கே தெரிகிறதோ அங்கே நோக்குவதுதான். அப்போது கைகளும் உடலும் கண்ணைப் பின்தொடர்கின்றன. வண்டி உடலைப் பின்தொடர்கிறது. ஒரு மலையில் 70 முறை இதனைச் செய்து பார்க்கிறவனுடைய மனம், மற்றக் கவலைகளை எல்லாம் அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிடுகிறது. நேற்றைய வருத்தத்திற்கும் நாளைய கவலைக்கும் அங்கே இடமில்லை. இந்த வளைவு, அடுத்த வளைவு, இவ்வளவே உலகம். தாளம் தவறாமல் பாடுகிறவன் அடையும் ஒருமைப்பாட்டை அந்த நேரத்தில் வண்டியோட்டுகிறவனும் அடைகிறான். இன்பத்தின் இரண்டாம் பகுதி இது.

மூன்றாம் பகுதி புலன்களால் பெறுவது. காரில் செல்கிறவர் மலையைக் கண்ணாடி வழியே காண்கிறார். மோட்டார் சைக்கிளில் செல்கிறவன் மலைக்குள்ளேயே செல்கிறான். 1000 மீட்டர் ஏறும்போது காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. புத்தகத்தில் இது ஓர் எண். மலைச் சாலையிலோ, கன்னத்திலும் விரல்களிலும் வளைவுக்கு வளைவு அதனை உணரலாம். அடிவாரத்தின் அனல் மெல்ல மெல்ல விலகி, ஈர மண்ணின் வாசனை வருகிறது. பிறகு பலாவின் மணம். மேலே காப்பிச் செடியும் மிளகுக்கொடியும் அடர்ந்த நிழல். காற்றின் அடர்த்தியும் மேலே செல்லச் செல்லக் குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவதால் அதன் ஆற்றலும் சிறிது தளர்கிறது. மலையேறும் மனிதனுக்கு மூச்சு வாங்குவது போலவே எஞ்சினுக்கும் வாங்குகிறது என்று சொன்னால் அது வெறும் கற்பனையன்று.

ஏறுவதைவிட இறங்குவது எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். மிகவும் தவறான எண்ணம் அது. வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 350 கிலோகிராம் என்று கொள்வோம். அவ்வளவு பாரம் 1000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 34 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எதிர்க்காற்றும் சாலையும் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். மிகுதி முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால் அது பழுக்கக் காய்ந்து பிடிக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் நல்லுரை. சிறிய கியரில் வைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு இறங்குகிறவர், சில ரூபாய்க்காகத் தம் உயிரையே ஈடு வைக்கிறார்.

மலைச் சாலைக்கென்று ஓர் அறமும் உண்டு. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும். சட்டமும் அவ்வாறே கூறுகிறது. ஏறும் வண்டி பாதியில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம் அன்றோ? நீண்ட பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை காத்திருப்பதில் நமக்கு இழிவு ஒன்றுமில்லை. மறைவான வளைவுகளில் ஒலி எழுப்பிச் செல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்திற்குச் சென்று வளைவை வெட்டிச் செல்லலாகாது. இன்னும் ஒன்று நினைவிருக்கட்டும். நமக்கு அது உல்லாசப் பாதை. அங்கே வாழும் மக்களுக்கோ அதுதான் வாழ்க்கைப் பாதை. மிளகும் பலாவும் அன்னாசியும் சந்தைக்கு இறங்குவதும், நோயாளி மருத்துவமனைக்குச் செல்வதும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும் அதே சாலையில்தான். நம்முடைய விளையாட்டு அவர்களுடைய வழியை அடைக்கலாகாது.

இப்போது முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். இந்த இன்பம் வேகத்திலிருந்து பிறக்குமானால், நேரான நெடுஞ்சாலையில் அல்லவா அது மிகுதியாக இருக்க வேண்டும்? ஆபத்திலிருந்து பிறக்குமானால், திறமை கூடி ஆபத்து குறையக் குறைய இன்பமும் குறைய வேண்டுமே! என் அனுபவத்தில் அவ்வாறு நிகழவில்லை. எந்த நாளில் எல்லா வளைவுகளிலும் பதற்றமின்றி, கையிருப்புக் குறையாமல், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிச் சென்றேனோ, அந்த நாளில்தான் என் மகிழ்ச்சி நிறைவாக இருந்தது. விதியை மீறுவதில் இல்லாத சுவை, விதியை அறிந்து அதனோடு இசைந்து செல்வதில் இருக்கிறது. யாப்பை அறிந்த கவிஞனுக்கு யாப்பு தளை ஆவதில்லை; வளைவை அறிந்தவனுக்கு வளைவும் அப்படித்தான்.

மாணவர்களே, உங்களுள் பலருக்கு இன்னும் 18 வயது நிறைந்திராது. அதுவரை இத்தகைய வண்டியை ஓட்டச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, அது நியாயமே. ஆயினும் அதற்கான கல்வியை இன்றே தொடங்கலாம். உங்கள் மிதிவண்டியை ஆளில்லாத ஒரு மைதானத்திற்குக் கொண்டு செல்லுங்கள். சீராக ஓட்டிக்கொண்டே, வலக்கைப் பிடியை ஒரு விரலால் மிக மென்மையாக முன்னே தள்ளிப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். வில்பர் ரைட் பலரிடம் கேட்ட வினாவிற்கு உங்கள் கையே விடை சொல்லும். பின்னாளில் மலைச் சாலையில் பெரிய வண்டியுடன் நீங்கள் செல்லும்போது, அந்த விடையும், வளைவுக்கு அப்பால் வழியை நோக்கும் கண்ணும், சிறிதளவு கையிருப்பும் உங்களோடு இருக்குமானால், மலை உங்களை இன்முகத்துடன் ஏற்றி, நலமாக இறக்கி அனுப்பும்.